எழுத்துக் குழுமத்தில் சேர்ந்த பிறகும் எழுத்து மேம்படவில்லை, எப்படிக் கற்றுக்கொள்வது?

கேள்வி: வளர்பிறை

அனைவருக்கும் வணக்கம்.

நான் சிறுகதை எழுதத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒன்பது கதைகளை முடித்திருக்கிறேன். அவற்றைத் தெரிந்தவர்களிடம் காட்டத் தயக்கமாக இருந்ததால், எழுதுகிறவர்கள் ஒருவர் படைப்பை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் இணையக் குழுமம் ஒன்றில் நான்கு மாதங்களுக்கு முன்பு சேர்ந்தேன். அங்கே மூன்று கதைகளைப் பதிவேற்றினேன். முதல் கதைக்குப் பதினொரு மறுமொழிகள் வந்தன. அவற்றில் ஒன்பது "அருமை", "தொடர்ந்து எழுதுங்கள்" என்ற அளவில் நின்றுவிட்டன. எஞ்சிய இரண்டில் ஒருவர் கதையின் முடிவு புரியவில்லை என்றார். மற்றொருவர் முடிவுதான் கதையையே தூக்கி நிறுத்துகிறது என்றார். இரண்டாவது கதைக்கு நான்கு மறுமொழிகள் வந்தன. மூன்றாவதற்கு ஒன்றுகூட வரவில்லை.

பாராட்டு மகிழ்ச்சி தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பழைய கதைகளோடு வைத்துப் பார்க்கும்போது, நான் ஓரடியும் நகரவில்லை என்றே தோன்றுகிறது. குழுமத்தில் என்னோடு சேர்ந்த இன்னொருவரின் எழுத்து இதே காலத்தில் கண்கூடாக மாறியிருக்கிறது. அவர் அதே குழுமத்தில் எதைச் செய்கிறார், நான் எதைச் செய்யாமல் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

பயனுள்ள கருத்து வர வேண்டுமானால் நான் எப்படிக் கேட்க வேண்டும்? இருவர் நேர்மாறாகச் சொல்லும்போது யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? மற்றவர்களின் கதைகளுக்கும் கருத்து எழுதுமாறு குழுமத்தில் சொல்கிறார்கள். நானே கற்றுக்கொண்டிருக்கும் நிலையில் அடுத்தவர் எழுத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற தயக்கத்தால் இதுவரை ஒருவருக்கும் எழுதியதில்லை. இவ்வாறு பதிவேற்றிய கதைகளைப் பின்னர் இதழ்களுக்கு அனுப்ப முடியுமா என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.

மறுமொழி: மைக்கூடு

அன்புள்ள வளர்பிறை,

நீங்கள் கூச்சத்தோடு கேட்டிருக்கும் தகுதி பற்றிய கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிறர் கதைகளுக்கு நீங்கள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதே உங்கள் எழுத்து நகராமல் நிற்பதற்கு முதன்மையான காரணமாக இருக்கக்கூடும்.

பவணந்தி முனிவரின் நன்னூலை நாம் புணர்ச்சி விதிகளுக்காகத்தான் திறக்கிறோம். அதன் பொதுப்பாயிரத்தில், ஒரு மாணவருக்குப் புலமை எவ்வாறு நிறைகிறது என்பதற்கு ஒரு கணக்கே தரப்பட்டிருக்கிறது. ஆசிரியர் சொல்வதை ஒன்றுவிடாமல் உள்வாங்கிக்கொண்டாலும் அதனால் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வந்து சேர்கிறது. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் கிடைக்கிறது. எழுத்துக் குழுமத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. நமக்கு வரும் கருத்துரைகள் ஒரு கால் பங்கு; பிறர் வரைவுகளைப் படிப்பது மற்றொரு கால் பங்கு; அவற்றைப் பற்றி நாம் எழுதும் கருத்துரைகள் அரைப் பங்கு. நீங்கள் நான்கு மாதங்களாக முதல் கால் பங்குக்காக மட்டும் காத்திருந்திருக்கிறீர்கள்.

இந்தப் பழைய கணக்கை நினைவூட்டும் ஓர் ஆய்வும் உண்டு. இரண்டாம் மொழியில் எழுதக் கற்கும் மாணவர்களைப் பற்றி லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைகளுக்குக் கருத்துச் சொல்ல மட்டுமே பயின்றனர். இன்னொரு பிரிவினர் பிறர் சொன்ன கருத்துகளைக் கொண்டு கட்டுரைகளைத் திருத்த மட்டுமே பயின்றனர். பின்னர் அவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளை ஒப்பிட்டபோது, கருத்துச் சொல்லப் பயின்றவர்களே கூடுதல் முன்னேற்றம் அடைந்திருந்தனர். தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது வகுப்பறைக் கட்டுரைகளைப் பற்றிய ஆய்வு, கதைகளைப் பற்றியதன்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனாலும் "நானே கற்றுக்கொண்டிருக்கும் நிலையில்" என்று நீங்கள் தயங்குவதால்தான் இதைச் சொல்கிறேன். அந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அதனால் மிகுந்த பயன் கிடைத்திருக்கிறது.

இது ஏன் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும். நம் கதையை நாம் படிக்கும்போது தாளில் இல்லாதவற்றையும் சேர்த்தே படிக்கிறோம். அந்த அறையின் வெளிச்சம், அந்தப் பாட்டியின் குரல், அண்ணன் தம்பிக்கு இடையில் பத்து ஆண்டுகளாக இருக்கும் கசப்பு ஆகிய எல்லாம் நம் மனத்தில் முன்பே இருப்பதால், அவை எழுத்தில் இறங்கியிருக்கின்றனவா என்பதை நம்மால் பார்க்க முடிவதில்லை. அடுத்தவரின் வரைவில் நமக்கு அந்த உதவி கிடையாது. எழுதப்பட்டது மட்டுமே நம் கண்முன் இருக்கிறது.

நான் குழுமத்தில் சேர்ந்த புதிதில் ஒரு கதைக்குக் கருத்து எழுதினேன். நான்கு பேர் அமர்ந்து ஒரு சொத்தைப் பிரிப்பது பற்றிப் பேசும் காட்சி அது. இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு பேசுவது யார் என்பதை என்னால் பின்தொடர முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். நான்கு பேரும் ஒரே நீளத்தில், ஒரே வகை வாக்கியங்களில் பேசினார்கள்; பெயர்களை நீக்கிவிட்டு ஒருவர் பேச்சை மற்றவர் வாயில் வைத்தாலும் ஒரு வேறுபாடும் தெரியாது. இதைக் கண்டுபிடித்து, எழுதியவர் மனம் நோகாத வகையில் சொல்ல எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அன்றிரவு என் கதையைத் திறந்தேன். அதே குறை என் உரையாடல்களிலும் இருந்தது. அதற்கு முன்பே இருவர் என்னிடம் "உரையாடல் இயல்பாக இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். அப்போது அந்தச் சொற்கள் எனக்கு ஒரு பொருளையும் தரவில்லை.

தகுதி என்று நீங்கள் நினைப்பது தீர்ப்புச் சொல்வதற்கான தகுதி. குழுமத்தில் யாரும் உங்களிடம் தீர்ப்பைக் கேட்கவில்லை. படிக்கும்போது ஒரு வாசகராக உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொன்னால் போதும்; அதைச் சொல்லக் கதையைக் கவனமாகப் படித்திருப்பதே தகுதி. நான் ஒரு வரைவை இரண்டு முறை படிக்கிறேன். முதல் முறை எதையும் குறிக்காமல் வாசகராகவே படித்து முடிக்கிறேன். இரண்டாம் முறை, எங்கே மனம் கதையிலிருந்து நழுவியது, எங்கே திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது, எங்கே மூச்சை அடக்கிக்கொண்டு படித்தேன் என்று மூன்று வகை இடங்களைக் குறிக்கிறேன். பிறகு கதையில் என்ன நடந்ததாக நான் புரிந்துகொண்டேன் என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதுகிறேன். கருத்துரையில் எழுதியவருக்கு மிகவும் பயன்படுவது பெரும்பாலும் அந்த இரண்டு வாக்கியங்கள்தான், ஏனென்றால் தாம் எழுதியதாக நினைத்த கதையும் வாசகரிடம் போய்ச் சேர்ந்த கதையும் எங்கே பிரிகின்றன என்பதை அவர் அதில் பார்த்துக்கொள்வார்.

குறித்த இடங்களுக்குக் காரணம் தேடும்போது சொற்கள் கிடைக்காமல் திண்டாடுவது புதியவர்களுக்கு இயல்பு. இதற்கும் நன்னூலுக்கே திரும்பிச் செல்கிறேன். ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களை அது பெயரிட்டுச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகியவை அவற்றில் சில. அவை கதைகளுக்காகச் சொல்லப்பட்டவை அல்ல என்றாலும் ஒரு வரைவின் குறையைத் துல்லியமாகச் சுட்ட இவற்றைவிடப் பொருத்தமான சொற்களை நான் கண்டதில்லை. "அவள் மனம் உடைந்தது. துயரத்தைத் தாங்க முடியவில்லை. வேதனையில் துடித்தாள்" என்று ஒரு வரைவில் வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று வாக்கியங்களும் ஒரே செய்தியைச் சொல்வதால் அது கூறியது கூறல். மூன்றும் சேர்ந்தும் அவள் என்ன செய்தாள் என்பது நமக்குத் தெரியாததால் அது குன்றக் கூறலும் ஆகிறது. மிகுதியாக எழுதப்பட்ட பத்தியிலேயே சொல்ல வேண்டியது சொல்லப்படாமல் இருக்கலாம் என்பதை இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன். தொடக்கத்தில் விரிந்து, கடைசி அரைப் பக்கத்தில் அவசரமாக முடிந்துவிடும் கதைகளுக்குச் சென்று தேய்ந்து இறுதல் என்ற பெயரே போதும். எழுதியவர் உடனே புரிந்துகொள்கிறார்.

மறுமொழி: கரும்பலகை

வணக்கம். மைக்கூடு எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன். எப்படிக் கேட்பது, முரண்படும் கருத்துகளை என்ன செய்வது என்ற இரண்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டால் "அருமை" என்ற விடைதான் வரும். அது படித்தவர்களின் குற்றம் அன்று. கேள்வி அவ்வளவுக்குத்தான் இடம் தருகிறது. கதையோடு சேர்த்து, அது எத்தனையாவது வரைவு என்பதையும் உங்களுக்கே ஐயமாக இருக்கும் இரண்டு இடங்களையும் சொல்லுங்கள். "கடிதத்தைக் கிழித்தது யார் என்று எந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்தது?" என்று கேட்டால், படிப்பவர் குறிப்பிட்ட ஒரு வரியைக் காட்டியே ஆக வேண்டும். "தந்தையின் மேல் உங்களுக்குக் கோபம் வந்ததா, இரக்கம் வந்ததா, எப்போது மாறியது?" என்பதும் அத்தகைய கேள்வி. கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். முழுக் கதையும் நீளமாக இருந்தால், ஆயிரம் சொற்கள் அளவுள்ள ஒரு பகுதியை மட்டும் இடலாம்; நீளமான கதைக்கு மறுமொழி வராமல் போவதற்குப் படிக்க நேரமின்மையே பெரும்பாலும் காரணம். உங்கள் மூன்றாவது கதை நீளமானதா என்று பாருங்கள்.

கருத்துகளைக் கேட்டுக்கொள்வதற்கும் முறைகள் உண்டு. அமெரிக்காவின் மில்ஃபோர்டில் 1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடத் தொடங்கிய பட்டறையின் பெயரால் வழங்கும் முறையை 1968-இல் தொடங்கிய கிளாரியன் பட்டறை எடுத்துக்கொண்டது. இன்றைய பல குழுக்கள் பின்பற்றுவதும் அதைத்தான். எல்லாரும் கதையை முன்பே படித்துவிட்டு வருவார்கள். ஒவ்வொருவரும் முறைவைத்துப் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் முடித்த பிறகே அவர் பேசலாம். இணையத்தில் நம் வாயை யாரும் அடைப்பதில்லை என்பதால் அந்த விதியை நாமே நமக்கு இட்டுக்கொள்ள வேண்டும். நான் கதையை இட்ட பிறகு மூன்று நாள்கள் நன்றி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை. "நான் அப்படி நினைத்து எழுதவில்லை" என்று விளக்கத் தொடங்கியவுடன், அடுத்துப் படிப்பவர் கதையை விட்டுவிட்டு நம் விளக்கத்தோடு பேசத் தொடங்கிவிடுகிறார்.

அந்த முறை சிலருக்கு மிகக் கடுமையாக இருக்கலாம். அவர்களுக்கு, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய முறை பொருந்தும். அதில் நான்கு படிகள் உள்ளன. படைப்பில் தமக்குப் பொருளுள்ளதாகப் பட்டது எது என்று முதலில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அடுத்துப் படைத்தவர் தம் கேள்விகளைக் கேட்கிறார். பிறகு பார்த்தவர்கள், கருத்தை உள்ளே ஒளித்துவைக்காத கேள்விகளைப் படைத்தவரிடம் கேட்கிறார்கள். கடைசியில், படைத்தவர் இசைந்தால் மட்டுமே, தம் கருத்தைச் சொல்கிறார்கள். மூன்றாவது படி மிகவும் கடினமானது என்பது என் எண்ணம். "இந்தக் காட்சி ஏன் இவ்வளவு நீளம்?" என்பது கேள்வி வடிவில் இருக்கும் குற்றச்சாட்டு, "இந்தக் காட்சியில் வாசகர் எதை உணர வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பதே கேள்வி. இந்த வேறுபாட்டைப் பழகிக்கொண்டால், தனியே உட்கார்ந்து நம் வரைவைத் திருத்தும்போதும் நம்மிடமே சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்துவிடுகிறது.

இனி முரண்படும் கருத்துகள். என் கதை ஒன்றில், மருத்துவமனைக் காட்சியைப் பற்றி ஐவர் எழுதினார்கள். ஒருவர் அதை நீக்கச் சொன்னார். ஒருவர் விரிக்கச் சொன்னார். ஒருவருக்குச் செவிலியரின் பெயர் குழப்பம் தந்தது. இன்னொருவர் அங்கே மொழி மாறிவிடுகிறது என்றார். ஐந்தாமவர் அங்கே படிப்பதை நிறுத்திவிட்டுப் பிறகுதான் தொடர்ந்தாராம். தீர்வு என்று பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஆனால் ஐந்து விரல்களும் ஒரே இடத்தைத்தான் காட்டின. நான் அந்தக் காட்சியை நான்கு முறை திருத்தினேன், எதுவும் சரியாகவில்லை. உண்மையில், அதற்கு முந்தைய பக்கத்தில் நோயாளிக்கும் கதைசொல்லிக்கும் என்ன உறவு என்பதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். உறவு தெரியாததால் ஐவருக்கும் அந்தக் காட்சியில் என்ன உணர்வதென்று தெரியவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தவுடன் மருத்துவமனைக் காட்சியில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே வாசகர் சுட்டும் இடத்தை நம்புங்கள். அவர் சொல்லும் மருந்தை உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முதல் கதையின் முடிவைப் பற்றி இருவரும் எதிரெதிராகச் சொன்னாலும் இருவருமே முடிவைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். புரியவில்லை என்றவரிடம், எந்த வரிவரை புரிந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

மொழித் திருத்தம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழுமத்தில் யாராவது உங்கள் கதை முழுவதிலும் ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தால், கதை சரியாகும், நீங்கள் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திருத்தித் தருமாறு கேளுங்கள். "கதையைப் படித்தேன்" என்பதில் வல்லினம் மிகுந்தும் "கதை படித்தேன்" என்பதில் மிகாமலும் இருப்பது ஏன், "அந்தக் கதை" என்று எழுதும் நாம் "சில கதைகள்" என்று ஒற்றில்லாமல் எழுதுவது ஏன் என்று அந்தப் பக்கத்திலிருந்தே விதியைக் கண்டுபிடித்து, மீதிப் பக்கங்களை நீங்களே திருத்தி, அதன் பிறகு அவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு பயிற்சிக்களம் தமிழ் விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கிய அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் திருத்த வரலாறு அப்படியே இருக்கிறது. முதலில் எழுதப்பட்ட வாக்கியம் என்ன, பின்னால் வந்தவர் எந்தச் சொல்லை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்று இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அது கலைக்களஞ்சிய நடை, கதை நடை அன்று. ஆனாலும் நீண்ட ஒரு வாக்கியத்தை மற்றொருவர் எவ்வாறு பிரிக்கிறார் என்பதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

மறுமொழி: கலங்கரை

வளர்பிறை அவர்களுக்கு வணக்கம். கதைகளை இதழ்களுக்கு அனுப்புவது பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முன்பே வெளியான படைப்புகளை ஏற்பதில்லை என்று பல இதழ்களும் போட்டிகளும் விதி வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய இணையப் பக்கத்தில் கதையை இட்டால் அதை வெளியீடாகவே அவற்றில் பல கருதும். கடவுச்சொல் கொண்டு உறுப்பினர் மட்டும் நுழையும் இடத்தில் கருத்துக்காக இட்ட வரைவைப் பொதுவாக அவ்வாறு கருதுவதில்லை. ஆனால் இது இதழுக்கு இதழ் மாறும். அனுப்புவதற்கு முன் அந்த இதழின் விதிகளைப் படித்து, ஐயம் இருந்தால் ஆசிரியருக்கு எழுதிக் கேட்பதே முறை. உங்கள் குழுமம் திறந்ததா மூடியதா என்பதை முதலில் பாருங்கள். திறந்ததாக இருந்தால், இதழுக்கு அனுப்ப எண்ணியிருக்கும் கதையின் ஒரு பகுதியை மட்டும் இடுங்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்றும் உண்டு. வாட்பேட் 2006 முதலும் பிரதிலிபி 2014 முதலும் இயங்கிவருகின்றன. அவை வாசகர்கள் கதை படிக்க வரும் தளங்கள். அங்கே வருகிறவர் அடுத்த அத்தியாயத்தைத்தான் எதிர்பார்க்கிறார், உங்கள் மூன்றாம் பத்தியைத் திருத்த வரவில்லை. அவருடைய ஊக்கம் மதிப்புள்ளதுதான். தொடர்ந்து எழுத அது பெரிய துணை. ஆனால் அது பட்டறையின் வேலையைச் செய்யாது. பட்டறையாகவே அமைந்த குழுமங்கள் வேறு வகை. 1995-இல் தொடங்கிய கிரிட்டர்ஸ் குழுமத்தில், உறுப்பினர்கள் பிறர் படைப்புகளுக்குத் தொடர்ந்து கருத்துரை அனுப்பிவர வேண்டும் என்பது விதி. ஸ்கிரிபோஃபைலில் கருத்துரை எழுதிப் புள்ளிகள் ஈட்டி, அந்தப் புள்ளிகளைச் செலவிட்டே சொந்தப் படைப்பை இட முடியும். உங்கள் குழுமத்தில் "அருமை" மட்டுமே வருகிறது என்றால், அது எந்த வகை இடம் என்று ஒருமுறை யோசியுங்கள். அப்படிப்பட்ட விதி இல்லாவிட்டாலும், உங்களைப் போன்ற மூன்று நான்கு பேர் சேர்ந்து, மாதம் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் எல்லாரும் கட்டாயம் எழுத வேண்டும் என்று உள்வட்டம் அமைத்துக்கொள்ளலாம். எனக்கு ஐந்நூறு பேர் இருந்த குழுமத்தைவிட அப்படி அமைந்த நால்வர்தான் உதவினார்கள்.

வந்த கருத்துரைகளையும் வரைவுகளையும் உங்கள் கணினியில் தேதியிட்டுச் சேமித்து வையுங்கள். குழுமங்கள் நிலையானவை அல்ல. பல எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் மடல் எழுதிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. பழைய மடல்கள் அதற்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டன. 1999-இல் 21 பேரோடு தொடங்கி, நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொற்களில் நாவல் எழுதும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பிய நானோரைமோ அமைப்பும் 2025-இல் தன் பணியை நிறுத்துவதாக அறிவித்தது. சேமித்து வைத்தால் வேறொரு பயனும் உண்டு. ஆறு மாதங்கள் கழித்து எல்லாக் கருத்துரைகளையும் ஒரே மூச்சில் படித்தால், வெவ்வேறு கதைகளுக்கு வெவ்வேறு பேர் சொன்னவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறை கண்ணில் படும். எனக்கு அது காலக்குழப்பம். எந்தக் கதையிலும் நிகழ்காலத்துக்கும் நினைவுக்கும் இடையிலான எல்லையை நான் தெளிவாக வைத்ததில்லை.

வளர்பிறை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முதன்முறையாக ஒரு கதைக்குக் கருத்துரை எழுதினேன். மைக்கூடு சொன்னபடி இருமுறை படித்து, நான் புரிந்துகொண்டதை இரண்டு வாக்கியங்களில் எழுதியபோது, கதையில் இரண்டு தோழிகள் ஏன் பிரிந்தார்கள் என்பதை என்னால் எழுதவே முடியவில்லை. காரணம் கதையில் இல்லை. அதைச் சொன்னபோது எழுதியவர், தாம் அதை மறைத்து வைத்ததாகவே நினைத்திருந்ததாகவும் மறைப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இப்போதுதான் தெரிகிறது என்றும் பதில் எழுதினார். பிறகு என் முதல் கதையின் முடிவைப் படித்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. அடுத்து நான் கருத்துச் சொல்ல எடுத்திருக்கும் வரைவு, எழுதியவரின் சொந்த வாழ்க்கையில் நேர்ந்த இழப்பைப் பற்றியது என்று அவரே முன்குறிப்பில் சொல்லியிருக்கிறார். எழுத்தில் குறைகள் நிறைய உள்ளன. அவற்றைச் சொல்வது அவரைப் புண்படுத்துமோ என்று அஞ்சுகிறேன்.

மைக்கூடு

வளர்பிறை, உங்கள் அச்சம் நியாயமானது, அதை இழந்துவிடாதீர்கள். முதலில் அவர் என்ன கேட்டிருக்கிறார் என்று பாருங்கள். தம் துயரத்தைப் பகிர்ந்துகொள்ள மட்டுமே இட்டிருந்தால், படித்தேன் என்றும் எந்த வரி உங்களைத் தொட்டது என்றும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். கதையாகச் செம்மைப்படுத்த விரும்புகிறார் என்றால், கருத்துரையில் "நீங்கள்" என்று எழுதாமல் "கதைசொல்லி" என்று எழுதுங்கள். "நீங்கள் ஏன் அழவில்லை என்பது புரியவில்லை" என்பதும் "கதைசொல்லி அழாமல் இருப்பதன் காரணத்தை நான் எதிர்பார்த்தேன்" என்பதும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன. ஆனால் முதலாவது ஒரு மனிதரின் துக்கத்தை அளக்கிறது. உண்மையில் இப்படித்தான் நடந்தது என்று அவர் பதில் சொன்னால் அதை மறுக்க வேண்டாம். நடந்தது உண்மை என்பதில் ஐயம் இல்லை, வாசகராக எனக்கு அது வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் கொட்ட வேண்டிய தேவையும் இல்லை. கதைக்கு மிகவும் இன்றியமையாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சரிசெய்தால் வேறெவை தாமாகவே சரியாகும் என்று காட்டினால் போதும்.

அந்தக் கருத்துரையை அனுப்பிய பிறகு, உங்கள் முதல் கதையின் கடைசி இரண்டு பக்கங்களைத் திருத்தி, பழைய வடிவத்தோடு சேர்த்து இடுங்கள். எந்த வரியில் முடிவு புலப்படத் தொடங்கியது என்பதை மட்டும் கேளுங்கள். நானும் படித்து எழுதுகிறேன்.